பத்துக் கட்டிலுக்கு ஒரு காது

மதியச் சங்கு ஊதி ஓய்ந்து, புருஷன் ததேயு சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஃபேக்டரிக்குத் திரும்பிப் போன பிறகும் பெட்டி பேசாமல்தான் இருந்தது. பேசாமல் இருப்பதுதான் அதன் வேலை என்று ரெஜி சொல்லியிருந்தாள். அமலிக்கு அது புத்திக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. ஒரு ரேடியோ என்றால் இரைய வேண்டும், சோளப்பொரி பொரிகிற மாதிரி, தூரத்தில் எங்கோ மழை பிடித்த மாதிரி. அந்த இரைச்சலுக்குள் காதை நுழைத்து ஒரு குரலைத் தேடிப் பிடிப்பதுதான் அவளும் ரெஜியும் பதினேழு வயதில் கான்வென்ட் ஹாம் ரேடியோ கிளப்பில் படித்துப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய வித்தை. இந்தப் புது ஏற்பாட்டில் பெட்டியே தேடுகிறது, பெட்டியே பிடிக்கிறது, ஏ.எல்.இ. என்று அதற்கு மூன்றெழுத்துப் பெயர். உன்னைப் பெயர் சொல்லி யாராவது கூப்பிடுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கிடக்கும், கூப்பிட்டால் மணியடிக்கும். "நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு பிள்ளே, அது கேட்டுக்கிடும்" என்றாள் ரெஜி. அது கேட்டுக்கிடும். எது? மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி, பக்கத்தில் ததேயுவின் பழைய லேப்டாப், கீழே லாரி பேட்டரி, ஜன்னல் வழியாகத் தேயிலைக்குள் போகிற ஒரு கம்பி. இதில் எதற்குக் காது இருக்கிறது, அந்தக் காது விழித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, மூக்குக்குக் கீழே விரலை வைத்தா பார்க்க முடியும். சேலைத் தொட்டிலுக்குள் அப்பு ஒருமுறை நீளமாக மூச்சை இழுத்தான். அவளும் அவனோடு சேர்ந்து இழுத்தாள், அவன் விடுகிறவரை விடவில்லை.

இரண்டிலிருந்து மூன்றுக்குள். அதைச் சொல்லும்போது ததேயு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். "ஆஃபீஸ் போன்ல ரெஜி பேசுனா. காலைல ஏழரைக்கு ஒரு தடவை, பத்தே காலுக்கு ஒரு தடவை கூப்பிட்டாளாம். உன் பெட்டி பதிலே சொல்லலையாம்." நான் இங்கதானே இருந்தேன் என்றாள் அவள். "நீ இருந்தே. பெட்டி இருந்துச்சா?" என்றான். சிரிக்கிறமாதிரிதான் சொன்னான், ஆனால் சிரிப்பு பாதியிலேயே முள்ளில் மாட்டியது. "ரெண்டுல இருந்து மூணுக்குள்ள கடைசியா ஒண்ணு. எப்பன்னு சொல்லமாட்டா. அக்காவும் பாளையங்கோட்டையில ரெஜி வீட்டுக்கே வந்து உக்காந்துட்டா, தன் காதால கேக்கணுமாம்." பிறகு கையைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்: "அதுவும் இல்லைன்னா சனிக்கிழமை பஸ்ஸுக்கு நான் லீவு சொல்லிருதேன்." சனிக்கிழமை பஸ் என்றால் அவளும் அப்புவும் மலையிறங்குவது. ததேயுவின் அக்கா வியாகுலம் மதினி வீட்டு மாடி அறை. ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டிருப்பார்கள். அவளுக்கு மாத்திரை, அப்புவுக்குப் புட்டிப்பால், மதினிக்கு ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்த கை. "உனக்குப் பயம் தெளியறவரைக்கும் பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்." மதினி அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அமலிக்கு அதிகம் பயமாக இருந்தது. நல்ல எண்ணத்தோடு ஒருவர் உன் கையிலிருந்து பிள்ளையை வாங்கும்போது நீ எப்படிக் கொடுக்காமல் இருப்பாய். வாங்கியதைத் திருப்பித் தருகிற நாளை யார் குறிப்பார்கள். பயம் தெளிந்துவிட்டது என்று காய்ச்சல் மாதிரி தெர்மாமீட்டர் வைத்தா பார்ப்பார்கள். ஆனால் மதினி ஒரு வாசலைத் திறந்தும் வைத்தாள்: "அந்தக் காட்டுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கூப்பிட ஒரு வழி இருக்குன்னு காட்டட்டும். இருந்துக்கிடட்டும்." வழி இருக்கிறது. ஏழரைக்கும் பத்தே காலுக்கும் அந்த வழி ஏன் அடைத்துக்கிடந்தது என்று ததேயுவிடம் அவள் சொல்லவில்லை. பெட்டி இருந்துச்சா என்று அவன் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை. இந்தக் கைதான்.

பெட்டி எப்படிக் கேட்கிறது என்பதை ரெஜி எத்தனையோ விதமாக விளக்கினாள், கடைசியில் அமலிக்குப் பிடிபட்டது கான்வென்ட் டார்மிட்டரியை நினைத்தபோதுதான். மேல்மாடி டார்மிட்டரி, சுவரோரமாகப் பத்துக் கட்டில், விளக்கணைத்த பிறகு சிஸ்டர் கொன்சாகா டார்ச்சைத் தரையில் அடித்தபடி முதல் கட்டிலிலிருந்து பத்தாம் கட்டில்வரை நடப்பார். ஒவ்வொரு கட்டிலிலும் அரைநொடி நிற்பார். குனிய மாட்டார், தொட மாட்டார், நின்று மூச்சைக் கேட்பார், அவ்வளவுதான். யார் தூங்குகிறாள், யார் தூங்குகிறமாதிரி நடிக்கிறாள் என்று அந்த அரைநொடியில் அவருக்குத் தெரிந்துவிடும். பத்தாவது முடிந்ததும் திரும்ப முதலாவது. பெட்டியும் அப்படித்தான், பத்து அலைவரிசை, ஒவ்வொன்றிலும் அரைநொடி, ஐந்து நொடிக்கு ஒரு சுற்று, இரவும் பகலும். கூப்பிடுகிறவளுக்கு இது தெரியும், அதனால் அவள் ஒரு கட்டிலைத் தேர்ந்து அங்கேயே நின்று ஐந்து நொடிக்குமேல் விடாமல் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள், சிஸ்டர் சுற்றி வருகிறவரைக்கும். வந்து தன் பெயரைக் கேட்டதும் பெட்டி நின்றுவிடும். நான்தான் என்று ஒரு பதில். தெரியும், வா என்று மறுபதில். மணி. யாரும் தேட வேண்டாம், யாரும் காத்திருக்க வேண்டாம், சுற்று மட்டும் நிற்கக் கூடாது. அந்தச் சுற்றைத்தான் அவள் நிறுத்தினாள். காலையில் எத்தனை முறை என்று கணக்கில்லை. அப்புவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவாள், அதே விரல் போகிற போக்கில் பெட்டியின் குமிழைத் தொடும், சுற்றை நிறுத்தும், சத்தத்தைத் திறக்கும். ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் வந்ததும் நெஞ்சில் கட்டியிருந்தது கொஞ்சம் கரையும். உயிரோடுதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கேட்போம், இன்னும் கொஞ்சம். ஒரு கட்டிலருகே நின்றுவிட்ட சிஸ்டருக்கு மற்ற ஒன்பது கட்டிலில் யார் என்ன ஆனாலும் தெரியாது. அந்த நேரத்தில்தான் ரெஜி ஏழாவது கட்டிலிலோ எட்டாவதிலோ நின்று அவள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

அவள் பெயர் என்றால் அரசாங்கம் கொடுத்த ஆறெழுத்து அழைப்புப் பெயர், லைசென்ஸில் இருப்பது. அது அவளுக்குப் பிடிக்கும். இந்த மலையில் எல்லாருக்கும் அவள் அப்பு அம்மா, அதற்கு முன்னால் ததேயு வீட்டம்மா. மணிக்கு ஒருமுறை பெட்டி தானாகவே பத்து அலைவரிசையிலும் ஏறி அந்த ஆறெழுத்தை உரக்கச் சொல்லிவிட்டு இறங்கும், யாரும் கேட்காமலே, கேட்டவர்கள் குறித்துக்கொள்ளட்டும் என்று. அப்போது எழுகிற சத்தம் ஒரு விசித்திரம். எட்டு சுரத்தை ஒரு பானையில் போட்டுக் குலுக்கிக் கொட்டினமாதிரி, தொண்டையில் தண்ணீரோடு ஒரு குருவி கத்தினமாதிரி. அப்பு முதல்முறை அதைக் கேட்டுக் கண்ணை உருட்டினான், இரண்டாம் முறை சிரித்தான். அவன் சிரித்ததும் அவளுக்குப் பயம் வந்தது. அலை அவனுக்குள் போகுமோ. எலும்பு இன்னும் குருத்தாக இருக்கிற உச்சந்தலையில் துடிக்கிற அந்த இடத்தில் போகுமோ. ரெஜியிடம் கேட்டால், "ஏட்டி, உங்க வீட்டு அடுப்பு சூடுகூட அது கிடையாது, கம்பி வெளிய அந்தாக்குல கிடக்கு, பிள்ளை வந்ததும் பரீட்சைக்குப் படிச்சதை மறந்துட்டியா" என்றாள். பரீட்சைக்குப் படித்தபோது பிள்ளை இல்லை. பிள்ளை வந்த பிறகு படித்ததெல்லாம் வேறு யாரோ படித்தமாதிரி ஆகிவிட்டது. தொட்டிலை உள்ளறைக்கு மாற்றினாள். மாற்றியதும் மூச்சு கேட்கவில்லை. வாசல்நிலைக்கு நேராகக் கொண்டுவந்தாள். அங்கே காற்று. மறுபடி இங்கேயே, மேசைக்கு நாலடி தள்ளி. ததேயு உத்தரத்தில் நாலு கொக்கி அடித்துக் கொடுத்தான். அந்தக் கொக்கிகளை இப்போது அண்ணாந்து பார்த்தால் தன் பயம் வீட்டுக்குள் நடந்து திரிந்த தடம் மாதிரி இருக்கிறது. ததேயு நல்லவன். கம்பியைக்கூட முதலில் சில்வர் ஓக் மரத்தின் உச்சிக்கே ஏறிக் கட்டினான், உயரத்தில் இருந்தால் நல்லது என்று. அன்றைக்கு லேப்டாப்பில் இந்தோனேசியாக்காரன் தெரிந்தான், ரஷ்யாக்காரன் தெரிந்தான், மலைக்குக் கீழே பாளையங்கோட்டை ரெஜி மட்டும் தெரியவில்லை. அவளுக்கும் இவள் கேட்கவில்லை. ஆஃபீஸ் போனில் ரெஜி கத்தினாள்: "உங்க வீட்டுக்காரரை மரத்த விட்டு இறங்கச் சொல்லு, கம்பியையும் இறக்கச் சொல்லு. ஊர் உலகத்துக்கெல்லாம் உன் பேச்சு கேக்கு, எனக்குத்தான் கேக்கல." உயரத்தில் கட்டினால் அலை படுத்து ஓடிப் பக்கத்து ஊரைத் தாண்டிவிடும், தாழக் கட்டினால் நேரே வானத்துக்கு ஏறி அங்கே மோதி மழைமாதிரி சுற்றிலும் விழும். இப்போது கம்பி தேயிலைச் செடிக்கு மேலே இரண்டாள் உயரத்தில் கிடக்கிறது, கொழுந்து எடுக்கிற பெண்கள் குச்சியால் தட்டிவிடாமல் இருக்க ததேயு அதில் சிவப்புத் துணி கிழித்துக் கட்டியிருக்கிறான். இங்கிருந்து ஒரு சொல் கிளம்பி, மலையை மூடுகிற மஞ்சுக்குமேலே, மழைக்குமேலே, யாரும் போகாத உயரத்துக்குப் போய், அங்கிருந்து பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின்மேல் விழுகிறது. படுத்துக்கொண்டு நினைத்தால் அது ஜெபம் மாதிரி இருக்கும். ஜெபத்துக்குப் பதில் வந்ததா இல்லையா என்று ஒரு லேப்டாப்பில் காட்டுவதில்லை, அதுதான் வித்தியாசம். இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷம். கை குமிழில் இருந்தது.

எப்போது போனது. எழுந்ததும் தெரியவில்லை, தொட்டதும் தெரியவில்லை. ஸ்ஸ்ஸ் என்று அறை முழுக்க இரைச்சல். வெடுக்கென்று கையை எடுத்துச் சுற்றை ஓடவிட்டாள், அறை மறுபடி செவிடானது. எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தாள். இருபது எண்ணுகிற நேரமா, இரண்டு நிமிஷமா. கடிகாரத்தை முன்னால் பார்த்தது எப்போது. ஒருவேளை அந்த நேரத்தில்தான். ரெஜி அந்தப் பக்கம் பொத்தானை அழுத்தி, ஐந்து நொடி, பத்து நொடி, ஒன்றும் வராமல், மதினியைத் திரும்பிப் பார்த்து. மதினி கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொள்வாள். தவறிய அழைப்பு என்று இந்தப் பெட்டி எதையும் எழுதிவைக்காது. கேட்காததை எப்படி எழுதும். கேட்கவில்லை என்பதுகூட அதற்குத் தெரியாது. அமலி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள், கான்வென்டில் எழுத்து மோசமானவர்களைச் சிஸ்டர் அப்படி உட்கார்த்தி வைப்பார். கை சூடாக, தனியாக, இன்னொருத்தியின் கை மாதிரி கிடந்தது. இந்தக் கை ஒரு கணம் கிறங்கியதால்தான் அன்றைக்கு. இல்லை, கிறங்கவில்லை. அப்பு பிறந்த நாற்பத்திரண்டாம் நாள், பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள், தட்டுவது தன் கைக்கு மட்டும் கேட்கிறது என்று தோன்றியது. தட்டுகிற உடம்பிலிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை. இறக்கிப் பார்த்தால் உதடு நாவல்பழம் தின்றமாதிரி நீலம், கண் பாதி திறந்து, கழுத்து துணிமாதிரி துவண்டு. ஒன்று, இரண்டு. கவிழ்த்து முதுகில் அடித்தாள். ஐந்து, ஆறு. வாயில் ஊதினாள். வீட்டில் யாரும் இல்லை, செல்போனுக்கு இந்த மலையில் சிக்னல் கோடு விழாது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பூட்டு. செருப்பில்லாமல் எஸ்டேட் ஆஃபீஸ் வரைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் இறக்கத்தில் ஓடினாள், ஓடுகிற குலுக்கலிலோ கடவுள் புண்ணியத்திலோ பாதி வழியில் அப்பு விக்கினான், விக்கி, சிவந்து, ஆஃபீஸ் போய்ச் சேரும்போது தூங்கிப்போயிருந்தான். ஆஃபீஸ் போன் முந்தின நாள் மழையில் செத்திருந்தது. கிளார்க் அவள் காலில் கடித்துத் தொங்கிய அட்டையைப் பார்த்து, "என்னம்மா இப்படி ஓடி வந்திருக்கீங்க, பிள்ளை அருமையாத் தூங்குதே" என்றார். அருமையாகத் தூங்குகிறது. கீழே டாக்டர், பால் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும், சில பிள்ளைக்கு உண்டு, இப்போது நன்றாக இருக்கிறான் என்றார். மதினி அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, "நீதான் பயந்துட்டே" என்றாள். அந்த நீலத்தைப் பார்த்தது உலகத்தில் ஒருத்திதான். ஒருத்தி மட்டும் பார்த்தது நடந்ததுதானா. சில சமயம் அவளே நம்பமாட்டாள், அப்படியானால் தூங்கலாம் என்று கண்ணை மூடுவாள், மூடியதும் நீலம் வந்து நிற்கும், எத்தனை தெளிவாக, உதட்டோரத்தில் ஒரு பால்துளியோடு.

இரண்டரை இருக்கும்போது மஞ்சு இறங்கத் தொடங்கியது. முதலில் மேல் தோட்டம் போனது, பிறகு சில்வர் ஓக் மரங்கள் இடுப்புவரை போயின, பிறகு சிவப்புத் துணிகள் மட்டும் எதிலும் கட்டாமல் வெள்ளைக்குள் தொங்கின. கொழுந்து எடுக்கிற பெண்களின் பேச்சு பக்கத்திலா தூரத்திலா என்று தெரியாமல் மிதந்து வந்தது. "ஏ செல்லக்கிளி, ஒன் கூடை எங்கடி?" "கூடை இருக்கு, நாந்தான் எங்க இருக்கேன்னு தெரியல." சிரிப்பு. சிரிப்பும் கரைந்தது. மூன்று நாளாகத் தூங்காத கண்ணுக்குள் ஜன்னல் வெள்ளை ஊறி வந்து நிறைந்தது. அவள் ஜன்னலைச் சாத்த நினைத்தாள், சாத்தினால் கம்பி நசுங்கும். அறைக்குள் வந்த மஞ்சில் பெட்டியின் சின்னப் பச்சை வெளிச்சம் மட்டும் சிஸ்டரின் டார்ச் மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தது, முதல் கட்டில், இரண்டாம் கட்டில். மூன்றாம் கட்டிலில் ரெஜி தூங்குகிறமாதிரி நடித்துக்கொண்டு சுவரில் நகத்தால் மோர்ஸ் தட்டுகிறாள், நாளைக்கு இட்லியா உப்புமாவா. நான்காம் கட்டிலில் அமலி பதிலுக்குத் தட்ட முடியாமல் படுத்திருக்கிறாள், கை தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறது. ஆறாம் கட்டிலில் மதினி செருப்போடு படுத்திருக்கிறாள். ஒன்பதாவதில் யாரோ மிகச் சின்னதாக, போர்வையின் மேட்டுக்குள் ஒன்றும் அசையவில்லை, சிஸ்டர் அங்கே நில்லுங்கள், அரைநொடி போதாது சிஸ்டர், குனிந்து பாருங்கள். அவர் நிற்காமல் பத்தாவதுக்குப் போகிறார். அமலி திடுக்கிட்டு எழுந்தாள். இரண்டு மணி நாற்பத்தொன்று. கை மறுபடி குமிழை நோக்கிப் பாதி வழியில் இருந்தது, தொடைக்கு அடியிலிருந்து எப்படித்தான் நழுவியதோ. மற்றக் கை தொட்டிலின் சேலையைப் பிடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள், துணி காயப்போடும் கொடிமாதிரி இழுபட்டு நின்றாள்.

இந்தக் கைகளை என்ன செய்வது. கட்டிப்போடலாம். அப்படித் தோன்றியதும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு ஒரு பயமும், பச்சைத் திரை போட்ட அறையில் அப்படித்தான் செய்வார்களோ என்று. அப்போதுதான் ஒன்று செய்தாள், யோசித்துச் செய்ததில்லை. தொட்டிலுக்குள் குனிந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல், ஒரு கை தலைக்கு அடியில், ஒரு கை முட்டுக்கு அடியில் கொடுத்து, வழியவிடாமல் தண்ணீர்க்குடம் தூக்குகிறமாதிரி தூக்கினாள். மேசைமுன் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிடத்தினாள். தூங்குகிற பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளுக்குக் கை கிடையாது, எந்தத் தாய்க்கும் தெரியும். அசைந்தால் எழுந்துவிடுவான். கொசு கடித்தாலும் கடிக்கட்டும். குமிழ் ஒரு முழத்தில்தான் இருந்தது, ஒரு முழம் இனி எஸ்டேட் ஆஃபீஸ் தூரம். மூக்கருகே விரல் வைக்கவும் முடியாது, வைக்கத் தேவையும் இல்லை, அவன் விலா அவள் வயிற்றில் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. தான் இதை எண்ணாமல் இருக்கிறோம் என்று சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இடது கை அவன் தலைப் பாரத்தில் மரத்துக்கொண்டே வந்தது, முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, ஒவ்வொரு அறையாக விளக்கணைத்துக்கொண்டு போகிறமாதிரி. பெட்டி சுற்றட்டும். ஐந்து நொடிக்கு ஒரு சுற்று, நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. பெட்டியும் அப்புவும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறமாதிரி இருந்தது, அவளும் அதற்குள் எங்கோ. இரண்டு ஐம்பது. ரெஜி முன்னாலேயே கூப்பிட்டுவிட்டிருந்தால் இப்போது மதினி ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருப்பாள். நடக்கட்டும். இரண்டு ஐம்பத்து மூன்று. சனிக்கிழமைக்கு எத்தனை துணி எடுத்துவைக்க வேண்டும், அப்புவின் மஞ்சள் ஸ்வெட்டர் அங்கே வேண்டாம், அங்கே வெயில். இரண்டு ஐம்பத்தாறு. மடி சுடுகிறது, நனைத்துவிட்டான். நனைக்கட்டும்.

மணி அடித்தது. பள்ளிக்கூட மணியுமில்லை, கோயில் மணியுமில்லை, லேப்டாப்பின் மட்டமான ஒரு கிணுகிணுப்பு. திரையில் ரெஜியின் ஆறெழுத்து பச்சையில் எழுந்து நின்றது, அதற்கு எதிரே அவளுடைய ஆறெழுத்து, நடுவில் ஒரு கோடு. பெட்டி தானாக வாயைத் திறந்தது. இரைச்சல், அந்த இரைச்சலுக்குள் ஒரு மூச்சு, பிறகு ரெஜி, கிணற்றுக்கு அடியிலிருந்து பேசுகிறமாதிரி, ஆனால் ரெஜியேதான்: அமலியின் அழைப்புப் பெயர், தன் அழைப்புப் பெயர், "கேக்குதா? ஓவர்." அமலி வாயைத் திறந்தாள். இடது கை இல்லை. வலது கையை அப்புவின் முட்டுக்கு அடியிலிருந்து உருவி மைக்கை எட்டினாள், சுருள் ஒயர் இழுபட்டது, பொத்தானை அழுத்தினாள், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேசலாம். சொல்ல வேண்டியது ஆறே எழுத்து, பதினேழு வயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்லுவாள், ஒன்றுகூட வரவில்லை. பொத்தானை விட்டாள். ரெஜி மறுபடி: "இணைப்பு விழுந்திருக்கு, ஆள் இருக்கியா? ஓவர்." முப்பது நொடி யாரும் பேசாவிட்டால் பெட்டி இணைப்பை முறித்துக்கொண்டு மறுபடி சுற்றப் போய்விடும். அழுத்தினாள். சிவப்பு விளக்கு. மூச்சு மட்டும் வந்தது. இவள் இழுத்த இழுப்பில் ஒயரின் சுருள் அப்புவின் கன்னத்தில் குளிராக உரசியது. அவன் முகம் கசங்கியது, வாய் சதுரமானது, ஒரு கணம் ஒன்றுமே வரவில்லை, அந்தக் கணத்தில் அவள் செத்துப் பிழைத்தாள், பிறகு வந்தது. மேசையிலிருந்த டம்ளர் அதிர்கிற அழுகை. ஜன்னலுக்கு வெளியே கொழுந்துக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அழுகை மைக்குக்குள் போய், கம்பியில் ஏறி, மஞ்சைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது, விரல் பொத்தானை விட்டு எழவே இல்லை.

பொத்தானை விட்டாள். பிறகு ரெஜி. "ஏட்டி. அழுதது யாரு, நீயா உன் மவனா? ஓவர்." அமலி அழுத்தினாள். "மவன்" என்றாள். முதல் சொல் அதுவாக இருந்தது. பிறகு ஆறெழுத்தும் முறைப்படி வந்தது, ரெஜியின் ஆறெழுத்தும் வந்தது, ஓவரும் வந்தது. "அஞ்சு ஒன்பது" என்றாள் ரெஜி, அதற்குமேல் தெளிவுக்கு மார்க் கிடையாது. "சுத்தமாக் கேக்கு. இந்த இழவெடுத்த பெட்டிய வச்சு மூணு மாசமா மல்லுக்கட்டுதேன், இப்படி ஒரு சிக்னல் வந்ததில்ல. இரு." அவள் பொத்தானை அழுத்தியபடியே யாரிடமோ திரும்பியிருக்க வேண்டும். பின்னால் மதினியின் குரல், தூரத்தில், நர்ஸ் குரல்: "மூச்சை நல்லா இழுத்துல்லா அழுதான். சளி கிளி ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை அவளை இறங்க வேண்டாம்னு சொல்லு, நான் ஒரு நாள் ஏறி வந்து பாத்துக்கிடுதேன்." ரெஜி அதைத் திரும்பச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, தந்தி படிக்கிறமாதிரி. அமலி கேட்டாள். அவள் மனசுக்குள் சனிக்கிழமை பஸ் வளைவில் திரும்பி, காலியாக, கீழே போனது. அப்பு அழுகை தேய்ந்து அவள் ஜாக்கெட் ஓரத்தைச் சப்ப ஆரம்பித்தான். இடது கையில் ரத்தம் திரும்பி ஆயிரம் ஊசியாகக் குத்தியது.

"சரி, உன் மதினியும் மவனும் பேசி முடிச்சாச்சு" என்றாள் ரெஜி. "நீ எப்படி இருக்கே? ஓவர்." அமலி மைக்கைப் பார்த்தாள். அதற்குப் பதில் என்ன என்று கான்வென்டில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்து, பன்னிரண்டு வருஷம் தினமும் காலையில் நாற்பது பேராக எழுந்து நின்று ராகமாகச் சொன்னதுதான், ஃபைன், தேங்க்யூ. பொத்தானை அழுத்தினால் அது தானாக வந்துவிடும். வந்தால் எல்லாம் சரியாகிவிடும், இன்றைக்கு ஜெயித்ததில் ஒன்றும் குறையாது. மதினி அந்த அறையில்தான் இருக்கிறாள். கைப்பையை எடுத்திருப்பாள், இன்னும் கிளம்பியிருக்கமாட்டாள். ஒரு சொல் தவறினால் பச்சைத் திரை. நொடி போய்க்கொண்டிருந்தது, பத்து, பதினைந்து, பச்சையில் இரண்டு பெயருக்கும் நடுவே அந்தக் கோடு இன்னும் நின்றது. அவள் அழுத்தினாள். "பயமா இருக்கு, ரெஜி" என்றாள். "ராத்திரி தூங்கறதே இல்ல. அவன் மூச்சு விடுதானான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். காலைல நீ கூப்பிட்டப்பல்லாம் பெட்டிய நிறுத்துனது நான்தான். அன்னைக்கு அவன் நீலமாத்தான் ஆனான். நான் பாத்தேன்." "ஓவர்" என்றாள்.

இரைச்சல். நீளமாக, சோளப்பொரி மாதிரி, தூரத்து மழை மாதிரி. அவள் கை எதையும் தொடவில்லை. பிறகு அந்தப் பக்கம் பொத்தான் அழுந்தியது, சிமெண்ட் தரையில் ஒரு நாற்காலி கரகரவென்று இழுபடுகிற சத்தம் மட்டும் மஞ்சுக்குமேலே போய் இறங்கி அவள் மேசைமேல் வந்து விழுந்தது.

"மதினி பைய கீழ வச்சுட்டாங்க" என்றாள் ரெஜி. "சேரை இழுத்துப் போட்டு எம் பக்கத்துல உக்காந்தாச்சு. இன்னும் சொல்லு. ஓவர்."